நான் வரைந்த வட்டம்

1997 ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தேமுக்காலுக்கு எழும்பி, முகம் கழுவி, நான் வேலை செய்த ஜேர்மன் விடுதியின் சமையலறைப் பின்கதவைத் திறந்தேன். வெளியே நாலு பாகை. பத்துக் கிலோ உருளைக்கிழங்கைத் தோலுரித்துத் தண்ணீரில் போட்டேன். கத்திகள் ஐந்தையும் தீட்டினேன். சட்டைப்பையில் டுல்டுங் கடதாசி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

உன்னை இப்போதைக்கு நாடு கடத்தவில்லை என்று மட்டும் சொல்லும் கடதாசி அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வியாழக்கிழமை பத்து இருபதுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம். முதலாளியின் வேலைக் கடிதம் இல்லாமல் அங்கே போக முடியாது. மாவட்டத்தைவிட்டு வெளியேறக் கூடாது என்ற வரியும் அதில் உண்டு. விடுதிப் புல்வெளியின் முடிவில் ஓடும் ஓடைதான் மாவட்ட எல்லை. முந்தின ஆண்டு ஊன்ட்றொப் ஊரிலுள்ள அம்மன் கோயில் தேருக்குப் போய், திரும்பும்போது ரயிலில் பிடிபட்டேன். இரண்டாம் முறை என்றால் வழக்கு என்று எழுத்தில் தந்திருந்தார்கள்.

முதலாளி வேட்டைக்காரர். அவர் துவக்கால் சுட்டுக் கொண்டுவரும் ஆட்டளவு மான்களை உரித்து வெட்டுவது என் வேலை. குண்டு எங்கே புகுந்தது, எங்கே வெளியேறியது, எவ்வளவு இறைச்சி கெட்டது என்று கொப்பியில் படம் வரைந்து வைப்பேன். யாரும் கேட்கவில்லை. வரைந்தால்தான் எனக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

அந்த ஆண்டு அவருக்கு ஹங்கேரி போய் வில்லால் வேட்டையாட ஆசை வந்தது. ஜேர்மனியில் வில்லால் மானைக் கொல்வது குற்றம் என்பதால், பழகுவதற்கு வைக்கோலில் ஒரு மான் கட்டினார். என் கொப்பியைப் பார்த்துவிட்டு, குறி வைக்கும் இடத்தை வைக்கோல் மானில் போடச் சொன்னார். அம்பு இரத்தம் போக்கித்தான் கொல்லும்; இரண்டு நுரையீரலையும் அது ஊடறுக்க வேண்டும். முன்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே, பீற்றூட் சாற்றால் ஒரு வட்டம் வரைந்தேன். மான் நேர்ப் பக்கவாட்டில் நின்றால் அந்த வட்டம் சரி. மற்ற நிலைகளை நான் வரையவில்லை.

எட்டரை மணிக்கு முதலாளி பின்கதவில் வந்து நின்றார். அவர் பேசிய ஜேர்மன் மொழியை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"புல்வெளியிலை மான் ஒண்டுக்கு எய்துபோட்டன்," என்றார். "ஹங்கேரிக்குப் போக முதல் ஒருக்கால் உண்மையான மானிலை பாப்பமெண்டு. உன்ரை வட்டத்திலைதான் அடிச்சனான்."

"எப்பிடி நிண்டது?"

"என்னைப் பாத்துக் கொஞ்சம் சரிஞ்சு."

நேர்ப் பக்கவாட்டில் இல்லாமல் நெஞ்சைச் சாய்வாக நம் பக்கம் திருப்பி நிற்கும் மானில் அதே இடத்தில் எய்தால் அம்பு பின்னால் வயிற்றுக்குள் போகும். புல்லில் கிடந்த அம்பை எடுத்து மணந்து பார்த்தேன். பச்சைக் கூழ்.

"குடல், முதலாளி. நாலு மணித்தியாலம் பொறுக்கோணும். விட்டால் படுத்த இடத்திலேயே செத்துப்போகும், துரத்தினால் எழும்பி ஓடும். நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்."

"அதுக்குள்ளை ஆரும் கண்டால்?"

அவர் நடக்கத் தொடங்கிவிட்டார். நானும் பின்னால் போனேன். நூறு எட்டில், பற்றைக்குள்ளிருந்து மான் எழும்பியது. முதுகை வளைத்தபடி ஓடையைக் கடந்து, அக்கரையில் ஒரு மரத்தடியில் படுத்தது. தலை நிமிர்ந்தே இருந்தது.

அக்கரை இன்னொருவரின் வேட்டைக்காடு. அம்பு வெட்டிய காயத்தோடு அவர் அதைக் கண்டெடுத்தால் முதலாளியின் வேட்டை அனுமதி பறிபோகும்.

"நீ போ," என்றார். "என்ரை தொப்பியை அந்தாள் தூரத்திலையே கண்டுபிடிச்சிடும். உன்னை ஆருக்குத் தெரியும்?"

"என்னை இஞ்சை எல்லாருக்கும் தெரியும், முதலாளி. கறுப்பாய் நானும் என்ரை அறைக்காரரும் மட்டும்தானே. ஏலாது. பிடிச்சால் வழக்கு."

அவர் மானைப் பார்த்தபடியே சொன்னார்: "வியாழக்கிழமைக்குக் கடிதம் வேணுமெண்டனி, என்ன?"

நான் ஓடையில் இறங்காமல் சமையலறைக்குத் திரும்பினேன். கழுவும் தொட்டிக்கு மேலுள்ள யன்னலில் ஓடையும் அக்கரையும் தெரியும். ஒன்பது நாற்பதுக்குப் பார்த்தேன்; மானின் தலை நிமிர்ந்திருந்தது. பன்னிரண்டே காலுக்கும் நிமிர்ந்திருந்தது. கோப்பை கழுவும் என் அறைக்காரர், மன்னார்க்காரர், பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, அவள் எங்களிலும் பாக்கக் கெட்டிக்காரி. கடதாசி இல்லாமலே மாவட்டம் மாறிட்டாள்."

"பகிடி விடாதை."

"பின்னை என்ன செய்யிறது? போனால் பொலிசு, போகாட்டில் முதலாளி. கிழங்கைப் பாருங்கோ."

மூன்றரைக்குத் தலை ஒருமுறை சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. நான் கைகளைத் துடைத்துக்கொண்டு கொப்பியைத் திறந்தேன். சரிந்து நிற்கும் மானை வரைந்தேன். வட்டம் போட இடம் தேடினேன்; தோள் எலும்பு மறைத்தது. இந்த நிலையில் எய்யக் கூடாது என்று கீழே எழுதினேன். வைக்கோல் மானுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. ஆறேமுக்காலுக்கு ஓடை இருட்டில் மறைந்தது.

மறுநாள் கிழங்கைத் தொடவில்லை. ஏழே காலுக்கு வெளிச்சம் வந்ததும், டுல்டுங் கடதாசியை இறைச்சி உறையவைக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, தொப்பிக்குள் வைத்து, ஓடையில் இறங்கினேன். தண்ணீர் முழங்கால்வரை. கரையிலிருந்து பதினொரு எட்டில் மான் விறைத்துக் கிடந்தது. தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, இக்கரையில் மானை இறக்குமுன் தொப்பியைக் கழற்றிக் கடதாசியைப் பார்த்தேன். நனையவில்லை.