மாமா வேய்ந்த ஓடு

கல்யாணமாகிக் காமயகவுண்டன்பட்டி வீட்டுக்கு நான் வந்த புதிதில், என் மாமியார் ஒரு வெண்கலக் கும்பாவை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். சமைக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். "அடுப்படிக்கு இல்லத்தா. மழை வந்தா இதக் கொண்டுபோயி நெல்லுக் குதிருக்குத் தெக்க வையி. அண்டாவ வச்சிராத, அது உள்ள இருக்கிற அரங்கு வீட்டு ஒழுகலுக்கு" என்றார். அந்த வீட்டில் ஒழுகல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்திரம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். சின்ன ஒழுகலுக்குப் பெரிய பாத்திரத்தை வைத்தால் டொங்கு டொங்கென்று சத்தம் வந்து தூங்கவிடாது. பெரிய ஒழுகலுக்குச் சின்னதை வைத்தால் எழுந்து எழுந்து கொட்ட வேண்டும். உப்பு எங்கே, புளி எங்கே என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் நான் இதைத்தான் தெரிந்துகொண்டேன். கெங்குவார்பட்டியில் செல்லமாக வளர்ந்த எனக்கு, நல்ல இடத்தில்தான் வந்து மாட்டியிருக்கிறோம் என்று சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் அழுகையாகவும் இருந்தது.

இத்தனைக்கும் அது ஓட்டை உடைசல் வீடில்லை. தேக்கு உத்தரம், கடைந்த தூண், தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகிற வீடு. அது ஒழுகியதற்கு ஒரே ஒருவர்தான் காரணம், என் மாமனார். நான் அவரை மாமா என்றும் மாமியாரை அத்தை என்றும்தான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். மாமா தோட்டம் துரவு உள்ள மனிதர். ஊரில் ஒரு வழக்கென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. "நான் குடியிருக்கிற வீட்ல, என் தலைக்கு மேல இன்னொருத்தன் கால் படக்கூடாது." அதனால் ஓடு மாற்றுகிற கொத்தனார் யாரையும் கூரையில் ஏற விடமாட்டார். ஒவ்வொரு ஆனியிலும், மலைப்பக்கமிருந்து சாரல் இறங்குவதற்கு முன்னால், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தாமே ஏறிவிடுவார். "அப்ப எங்க தலைக்கு மேல உங்க காலு படலாமாக்கும்?" என்று அத்தை கீழேயிருந்து கேட்பார். பதிலாக மேலேயிருந்து ஓடு உடைகிற சத்தம்தான் வரும்.

அப்போதெல்லாம் எங்கள் பக்கம் நாட்டு ஓடுதான். மல்லாந்த ஓட்டை வரிசையாக அடுக்கி, இரண்டு வரிசைக்கு நடுவில் உள்ள இடைவெளியை மூடிக் கவிழ்ந்த ஓட்டை வைக்க வேண்டும். மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் தாராளமாக ஏறி உட்கார வேண்டும். நடக்கும்போது அடியில் ஓட்டைத் தாங்குகிற கைமரம் இருக்கிற இடமாகப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். இதெல்லாம் மாமாவுக்கும் தெரியும். ஆனால் நல்ல கனத்த உடம்பு, அதற்கு மேல் அவசரம். ஓடு காணாது என்று தோன்றினால் ஏற்றி வைக்காமல் நுனியில் நுனி படுகிற மாதிரி வைத்துக்கொண்டே போய்விடுவார். போன வருஷம் ஒழுகிய இடத்தை அடைப்பார், பக்கத்தில் புதிதாக ஓர் இடத்தைத் திறந்துவிட்டு இறங்குவார். இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருசம் ஒரு சொட்டு இறங்காது" என்பார். நாங்கள் ஆமாம் மாமா என்போம். அத்தை மட்டும் பரணிலிருந்து இன்னொரு சட்டியை எடுத்துக் கழுவி வைப்பார்.

வினை என் அப்பாவின் ரூபத்தில் வந்தது. ஐப்பசியில் என்னை வளைகாப்பிட்டு அழைத்துப்போக வந்தவர், மாமாவோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மழை. அப்பாவின் இலையில் ரசம் ஊற்றினேன். நான் ஊற்றியதைவிட அதிகமாக மேலேயிருந்து ஊற்றியது. மாமா கண்டுகொள்ளாதவர் மாதிரி, "ரசம் வைங்க, ரசம் வைங்க" என்றார். அப்பாவும் மரியாதைக்குக் குடித்துவிட்டு எழுந்தார். ஆனால் மாசியில் எனக்குப் பையன் பிறந்து, அவனை எடுத்துக்கொண்டு நான் புருஷன் வீடு திரும்ப வேண்டிய நேரம் வந்ததும் கறாராகச் சொல்லிவிட்டார். "பச்சப்புள்ளய அந்த ஒழுகற வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். மழைக்காலம் முடிஞ்சு தையில பாப்போம்."

தை வரைக்கும்! பிறந்த வீட்டில் என்னை யாரும் குறையாக நடத்தவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல், அத்தையின் பேச்சைக் கேட்காமல் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. இந்தச் செய்தி மாமாவின் காதுக்குப் போனதும் அவர் கொதித்துப்போனார். "ஏ வீடு ஒழுகுதுன்னு யாரு சொன்னா?" என்று குதித்துவிட்டு, ஆள் மூலமாக ஒரு பந்தயம் சொல்லி அனுப்பினார். "ஆனியில ஓட்ட மாத்திருறேன். சம்பந்தி வந்து பட்டாசாலையில உக்காரட்டும். நானே மேல ஏறிக் குடங்குடமாத் தண்ணி ஊத்துறேன். ஒரு சொட்டு விழுந்தாலும் பேரனத் தை வரைக்கும் அவுகளே வச்சுக்கிறட்டும். விழலேன்னா அன்னைக்கே ஏ வீட்டுக்கு வரணும்." அப்பாவும் சளைத்தவரில்லை. சரியென்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் மீசையை முறுக்கிக்கொண்டார்கள், பந்தயப் பொருள் நானும் என் பிள்ளையும்!

கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் பிள்ளையைப் பார்க்கிற சாக்கில் கெங்குவார்பட்டிக்கு வந்தார். தொட்டிலை ஆட்டுகிற மாதிரி குனிந்து என் காதில் விஷயத்தைச் சொன்னார். மாமா ஓடு மாற்றி முடித்தாராம். வழக்கம்போலத்தானாம். அடுப்படி மூலைக்கு ஓடு காணாமல், பனை ஓலையைச் செருகி மேலே ரெண்டு கல்லைத் தூக்கி வைத்துவிட்டாராம். ஆனால் அவர் பருத்தி விற்கத் தேனிக்குப் போன சமயம் பார்த்து, அத்தை கம்பத்துக் கொத்தனாரை ஆட்களோடும் புது ஓட்டோடும் வரவழைத்து, மொத்தத்தையும் பிரித்து ஒழுங்காக வேயவைத்துவிட்டாராம். வண்டி கட்டிக்கொண்டு தேனிக்குப் போனால் அவர் திரும்ப மறுநாளாகும். "அப்பா தலைக்கு மேல இன்னொருத்தன் கால் படக்கூடாதேன்னு கேட்டேன். அதுக்கு ஆத்தா என்ன சொல்லுது தெரியுமா? அவுக தலை இப்ப தேனியிலல்ல இருக்கு, அங்கன யாரும் ஏறலயேன்னு சொல்லுது" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டான்.

பந்தய நாளன்று அப்பா என்னையும் பிள்ளையையும் கூண்டு வண்டியில் கூட்டிவந்தார். எதிர்வீட்டில் எங்களை இறக்கிவிட்டு, "நான் கூப்பிட்டா வா. இல்லேன்னா வண்டிய இப்படியே திருப்பிற வேண்டியதுதான்" என்றார். எதிர்வீட்டு வாசலில் நின்றால் எங்கள் முன்கூடமான பட்டாசாலை நன்றாகத் தெரியும். அப்பா சலவை வேட்டியோடு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நீங்களும் ஏங்கூட உக்காருங்க சம்பந்தி" என்று மாமாவையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துவிட்டார். அப்படியானால் மேலே ஏறித் தண்ணீர் ஊற்றுவது யார்? எதேச்சையாக வந்தவர் போல அந்தக் கம்பத்துக் கொத்தனார் வாசலில் நின்றார். மாமாவுக்கு வேறு வழியில்லை. துண்டை எடுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, "ஏறித் தொலை. பட்டாசாலை மேல மட்டும் ஊத்து. அடுப்படிப் பக்கம் போகாத, அங்கன கைமரம் சரியில்ல" என்றார். கைமரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பனை ஓலையை நினைத்துச் சொன்னார் பாவம்.

இளவட்டங்கள் கிணற்றிலிருந்து குடத்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஏணியில் ஏற்றினார்கள். கொத்தனார் ஊற்றினார். தண்ணீர் ஓட்டுப் பள்ளங்களில் சலசலவென்று ஓடித் தெருவில் கொட்டியது. அப்பா அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார், ஒரு சொட்டு விழவில்லை. மாமாவின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அதோடு விட்டிருந்தால் எல்லாம் சுபம். ஆனால் கொத்தனாருக்குத் தான் செய்த வேலையைக் காட்டாமல் இறங்க மனசு வரவில்லை. அவர் அதிகமாகப் பாடுபட்டது அடுப்படி மூலையில்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று அங்கே நடந்துபோய் மடமடவென்று கவிழ்த்தார். "போதும்யா, போதும்!" என்று அத்தை உள்ளேயிருந்து கத்துவது எனக்கே கேட்டது. மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அடுப்படியிலும் ஒரு சொட்டு விழவில்லை. மாமா கண்ணைத் திறந்தார். எழுந்தார். ஆம்பளைகள் அடுப்படிக்குள் தலை நீட்டாத காலம் அது. அவர் நேராக உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். இதற்குள் அப்பா வாசலுக்கு வந்து, "வாத்தா, புள்ளையத் தூக்கிட்டு வா" என்று கையை வீசினார். நான் ஓடாத குறையாகத் தெருவைத் தாண்டினேன். அத்தை மஞ்சள் நீர் கரைத்த ஆலாத்தித் தட்டோடு வந்தார். பின்னாலேயே மாமா வந்து நின்றார்.

"சம்பந்தி, இது நான் வேஞ்சது இல்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

"ஏ வேலையா இருந்தா இந்நேரம் நீங்க தொப்பலா நனைஞ்சிருப்பீக. யாரோ மாத்திருக்காக. சொன்ன சொல்லுன்னு ஒன்னு இருக்குல்ல? நான் தோத்துட்டேன். பேரனக் கூட்டிட்டுப் போங்க" என்றார். சொல்லும்போது பிள்ளையைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஊருக்கே நியாயம் சொல்கிறவர், தன் வழக்கில் தனக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லிவிட்டு நின்றார். அவர் மேல் எனக்கு அத்தனை கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பிரியமும் வந்தது.

அந்த நாளில் மருமகள் மாமனாருக்கு நேரே நின்று பேசுவதில்லை. நான் பேசினேன். "வீடு ஒழுகுமா ஒழுகாதான்னுதான மாமா பந்தயம்? யாரு வேஞ்சாகன்னா எங்கப்பா கேட்டாக?" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை அவர் கையில் வைத்தேன். வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கினார். அப்பா வாய்விட்டுச் சிரித்து, "கேக்கல, கேக்கல. நனையாம உக்காந்திருந்தேன்ல, எனக்கு அது போதும்" என்றார். அத்தை அப்போதுதான் ஆலாத்தியைச் சுற்றினார். கண்ணிலிருந்து ஒழுகியதை முந்தானையில் துடைத்துக்கொண்டே சுற்றினார்.

கீழே நடந்த எதுவும் கொத்தனாருக்குத் தெரியாது. எங்கள் தலைக்கு நேர் மேலே அவர் கால் நகரும் சத்தம் கேட்டது. "அய்யா! மேற்குப் பக்கம் இன்னும் ஊத்தவே இல்லையே, ஊத்தட்டுமா, இறங்கட்டுமா?" என்று உற்சாகமாகக் கத்தினார்.

மாமா தலையிலிருந்த துண்டை எடுத்துப் பிள்ளையின் மேல் போர்த்தினார். "ஊத்துய்யா, நல்லா ஊத்து. ஏ பேரன் மழைச் சத்தம் கேக்கட்டும்" என்றார்.