தொண்டையில் கை வைத்தால்தான் இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. லைக்ரா, ஷேடு, ரிஜெக்ட், அர்ஜென்ட் என்று காலையிலிருந்து மாலைவரை இங்கிலீஷில்தான் பிழைப்பு ஓடுகிறது. அதை ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னால் அவருக்குப் புரியுமா என்பது வேறு விஷயம்.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி. அதன் துணி பின்னும் நிட்டிங் ஹாலில் பல வருடம் மிஷின் ஓட்டினேன், பிறகு துணி செக்கிங்குக்கு வந்தேன். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். "நம்ம துணி வாங்கற வெளிநாட்டுப் பையரம்மா அடுத்த மாசம் வீடியோ கால்ல வர்றாங்க. துணியப் பத்தி நீயே பேசோணும். நல்லாப் பேசீட்டயின்னா மெர்ச்சன்டைசர் சீட்டு உனக்குத்தான் கண்ணு. இல்லாட்டி கோயமுத்தூர்ல ஒரு ஆளப் பாத்து வெச்சிருக்கறேன்." தலை நரைத்த நான்கூட அவருக்குக் கண்ணுதான்.

மெர்ச்சன்டைசர் என்றால் பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர். சீட்டு என்றால் நிஜமான சீட்டு. சக்கரம் வைத்து, சுழன்று, பின்னால் சாயும் நாற்காலி. வேலைக்கு வந்த நாளிலிருந்து நின்றே பிழைத்தவனுக்கு அது சிம்மாசனம். எனக்கு அது வேண்டும். கொஞ்சநஞ்சம் அல்ல, வெறியாகவே வேண்டும்.

பேக்கரி மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் மடத்துக்குளத்துப் பெண். இலக்கணம் நடத்துவார் என்று பயந்துகொண்டு போனால், ஆளுக்கொரு கண்ணாடியைக் கையில் கொடுத்தார். "ஸ்பெல்லிங்க மறந்துருங்க. இன்னைக்கு வாய மட்டும் பாப்போமுங்க" என்றார்.

நெஞ்சிலிருந்து கிளம்பும் காற்றை வாய்க்குள் எங்கே மறிக்கிறோம் என்பதுதான் மெய்யொலியாம். உதட்டில் மறித்துப் படக்கென்று விட்டால் 'ப'. ஆனால் இங்கிலீஷ்காரர் 'பேப்பர்' என்றால் முன்னால் பிடித்த காகிதம் ஆடும்; நாம் சொன்னால் அது அசையாது. என்னிடம் காகிதம் இல்லை. சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து 'ப' என்றேன். பஞ்சு பறந்து டீச்சர் தலையில் உட்கார்ந்தது. "சூப்பருங்க" என்றார் டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

அடுத்து மேல்பல் கீழுதட்டைத் தொட்டு 'ஃப'. பிறகு 'தேங்க்யூ'. நம் 'த'வுக்கு நாக்கு பல்லுக்குப் பின்னால் முட்டி நின்றுவிடுகிறது. இங்கிலீஷில் அது பல்லுக்கு நடுவே வெளியே எட்டிப் பார்க்க வேண்டும், மேலே காற்று வழிய வேண்டும். வீட்டில் தோசைக்குக் காத்திருந்த நேரத்தில் பழகினேன். மனைவி கரண்டியோடு திரும்பினாள். "ஏனுங்க, தோச கேட்டா வாயில கேக்கோணும். எதுக்கு எனக்குப் பழிப்புக் காட்டறீங்க?"

கடைசிப் பாடம் தொண்டை. 'ஸ்ஸ்' என்றால் தொண்டை சும்மா இருக்கும். அதே நாக்கு, அதே பல், கூடவே குரலும் சேர்ந்தால் வண்டு இரைவதுபோல 'ஜ்ஸ்ஸ்', தொண்டை அதிரும். நாங்கள் எல்லோரும் அவரவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இரைந்தோம். டீ கொண்டுவந்த பெரியவர் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். டீச்சர் என்னிடம் மட்டும் வந்து நின்றார். "உங்க வாய் அவ்வளவு தெளிவா இருக்குதுங்க. ஆனா தொண்ட அதிரவே மாட்டேங்குது. கொஞ்சம் குரல் குடுங்க."

அதற்குக் காரணம் இருக்கிறது. நிட்டிங் ஹாலில் யாரும் கத்த மாட்டோம். கத்தினாலும் மிஷின் இரைச்சலில் கேட்காது. குரலை அடக்கிவிட்டு உதட்டை மட்டும் பெரிதாக அசைப்போம். ஹாலின் அந்தக் கோடியில் நிற்கும் நிட்டிங் மாஸ்டர் அதைப் படித்து, உதட்டாலேயே பதில் சொல்வார். மாமியார் வீட்டுச் சண்டை வரைக்கும் இப்படித்தான் பேசி முடித்திருக்கிறோம்.

வீடியோ கால் வந்தது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பேசிய வரைக்கும் ஜோராகப் போனது. நாக்கு எட்டிப் பார்த்தது, பல் உதட்டைத் தொட்டது. பையரம்மா சிரித்தார், முதலாளி அதைவிடச் சிரித்தார். பிறகு அந்தம்மா, துணி மிஷினிலிருந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றார். காதில் இயர்போனோடு, போனைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தேன்.

துணியைக் காட்டி விளக்கு விளக்கென்று விளக்கினேன். அந்தம்மா முகம் சுருங்கியது. "ஐ கான்ட் ஹியர் யூ. ஆர் யூ ஆன் மியூட்?" முதலாளி ஓடிவந்து போனைப் பார்த்தார். மைக் ஆனில்தான் இருந்தது. மிஷின் இரைச்சலைப் போனே வடிகட்டிவிட்டதாம். என் குரலை வடிகட்டியது நான்.

ஹாலுக்குள் கால் வைத்ததும் தொண்டை தானாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது. தெரிந்த பிறகும் திறக்கவில்லை. முக்கினேன், இருமினேன், உதடு மட்டும் அற்புதமாக ஆடியது. சுழல் நாற்காலி உருண்டு கோயமுத்தூர் பஸ் ஏறுவது கண்ணில் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

அப்போது ஹால் அடங்கியது. மாஸ்டர் எல்லா மிஷினையும் நிறுத்தியிருந்தார். இழுத்தால் நீளும் லைக்ரா துணி பாதியில் நின்றால் நின்ற இடத்தில் குறுக்கே கோடு விழும். அந்த ரோல் ஏற்றுமதிக்கு ஆகாது. பெற்ற மகள் போன் செய்தாலும் மிஷினை நிறுத்தாத மனிதர் அவர். முதலாளி தலையில் கை வைத்தார்.

நான் தொண்டையில் கை வைத்தேன். "ஆர் யூ ஓகே?" என்று பதறினார் பையரம்மா. விரலுக்கடியில் அதிர்ந்தது. "திஸ் இஸ் அவர் தின்னஸ்ட் ஃபேப்ரிக், மேடம்!" தமிழில் எழுதினால் தெரியாது, நாக்கு சரியான இடத்தில்தான் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அந்தம்மா காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "நவ் ஐ ஹியர் யூ" என்றார்.

கால் முடிந்ததும் முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆர்டர் வந்துருச்சு. சீட்டு உனக்குத்தான். கோடு விழுந்த துணியக் காதர்பேட்டை செகண்ட்ஸ் சந்தையில நீயே நின்னு வித்துட்டு வரோணும்."

நான் ஹாலின் அந்தக் கோடியைப் பார்த்தேன். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அதிலும் மாஸ்டர் குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"நின்னது போதுமுங்க. போய் உக்காருங்க."

பிறகு மிஷின்களை ஓட விட்டார்.