பிரஸ்டனுக்கு வந்த மேய்ப்பு நாய்

யோகராணி காலை ஆறரைக்கு வார்டில் நிற்கவேண்டும். கொழும்பில் பத்து வருடம் தாதியாக இருந்தவள், மெல்பேர்னில், பிரஸ்டன் பக்கம், உதவித் தாதியாகக் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். கணவர் சச்சிதானந்தனுக்கு டயர் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட். அவள் மூன்றரைக்குக் கால் வீங்கி வீடு வரும்போது அவர் போயிருப்பார். அவர் வரும்போது அவள் உறங்கியிருப்பாள். புருஷன் பெண்சாதியின் பேச்செல்லாம் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிய துண்டுக் கடதாசிகளில்தான்.

எழுபத்தைந்தாம் ஆண்டு மே மாதம் வீட்டின் பின்கதவை யாரோ உடைத்து ரேடியோவைத் தூக்கிப்போய்விட்டார்கள். அதன் பிறகு பின்னேரங்களில் தனியே இருக்க யோகராணி பயந்தாள். “ஒரு நாய் இருந்தால் நல்லது” என்று கடதாசியில் எழுதி வைத்தாள்.

கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் இடத்துக்குச் சச்சிதானந்தன் போனார். மற்ற நாய்கள் கம்பியில் பாய்ந்து குரைத்தன. ஒன்று மட்டும் மூலையில் முடங்கிக் கிடந்தது. கெல்பி என்ற மேய்ப்பு இனம், மூன்று வயது, ஆட்டுப்பண்ணையில் வளர்ந்தது, பெயர் டஸ்டி. சாதுவான நாய் என்று அதையே கூட்டிவந்தார். சாதுவில்லை, அதற்குக் கடுமையான இருமல். ஒரு கிழமை மருந்து கொடுத்ததும் இருமல் நின்றது. நாய் எழும்பியது.

அதற்குப் பிறகு அது உட்காரவே இல்லை. வேலியோரமாக ஓடி ஓடிப் புல்லை உரித்துச் சேறாக்கியது. கொடியில் காய்ந்த அவளுடைய வேலைச் சட்டையை இழுத்து விழுத்தியது. குசினியில் சமைக்கும்போது அவள் நடந்தால் பின்னால் வந்து குதிக்காலை மூக்கால் இடித்தது. வேலையால் வந்த கையோடு அதைக் கூட்டிக்கொண்டு ஓடைப்பக்கம் ஒரு மணித்தியாலம் நடக்கவேண்டும். ஐந்து மணிக்கே இருட்டும் அந்த ஜூலைக் குளிரில், கையுறைக்குள் விரல் மரத்து, கயிற்றின் மறுமுனை இழுத்த இழுப்புக்குப் போனாள். நடந்து வந்த பிறகும் அது நின்றபடி அவள் முகத்தையே பார்க்கும், அடுத்தது என்ன என்பதுபோல.

இருவரும் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, என்னால ஏலாது. இதைக் கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ.”

“நீர்தானே நாய் வேணும் எண்டு எழுதினீர்?”

“காவலுக்குத்தான் கேட்டனான். என்னை மேய்க்கிறதுக்கு இல்லை.”

“நான் விடிய எழும்பி நடக்கட்டோ? பன்னிரண்டு மணிக்கு வந்து படுக்கிறவன்.”

“அப்ப நான் மட்டும் இரும்போ?”

அவள் அறைக்குள் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அவர் குசினிக் கதிரையில் பேப்பரை விரித்தார். வெளியே மழை.

நாய்க்குத்தான் பொறுக்கவில்லை. குசினிக்கும் அறைக்கும் இடையில் நகம் தரையில் தட்டத் தட்ட ஓடியது. வைத்த சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு அவருடைய கெண்டைக்காலை இடிக்கத் தொடங்கியது. தொல்லை தாங்காமல் அவர் எழும்பி முன்னறைக்குப் போனார். உடனே அது அவள் படுத்திருந்த அறைக்குள் ஓடிப்போய் போர்வையின் ஓரத்தைக் கவ்வி இழுத்தது. அவள் திட்டிக்கொண்டே போர்வையைப் பறிக்கப் பின்னால் போனாள். முன்னறையில் ஹீற்றருக்குப் பக்கத்தில் அவர் நின்றார். நாய் போர்வையைப் போட்டுவிட்டு வாசற்படியில் குறுக்கே விழுந்து, கண்ணை மூடியது. பகலில் அது உறங்கியதை அன்றைக்குத்தான் இருவரும் கண்டார்கள்.

“இரண்டு பேரையும் ஒரு பட்டியில அடைச்சுப்போட்டுது” என்றார் அவர்.

யோகராணிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. நிலத்தில் உட்கார்ந்தாள். “உங்களோட இருந்து ஒரு பிளேன்ரீ குடிச்சு எவ்வளவு நாள் தெரியுமோ?” என்றபோது அழுகை வந்துவிட்டது. அவர் தேத்தண்ணி போடக் குசினிப் பக்கம் திரும்பினார். நாயும் தலையைத் தூக்கியது. “படு, வாறன்” என்று அதைக் கடந்து போய், இரண்டு கோப்பையோடு வந்தார்.

நாயைக் கொண்டுபோய் விடும் கதையை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. அடுத்த நாள் அவர் ஃபோர்மனிடம் பகல் ஷிஃப்ட் கேட்டார். இடமில்லை என்றார்கள். மூன்று மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். அதுவரை காலையில் அரைத் தூக்கத்தில் அவரும், பின்னேரம் அவளுமாக நாயை நடக்கக் கூட்டிப்போனார்கள். அக்டோபரில் பகல் வேலை கிடைத்தது.

களைப்பு குறைந்தது என்று சொல்லமுடியாது. வார்டில் அதே கட்டில்கள், அதே விரிப்புகள். டஸ்டியும் திருந்தவில்லை, கிறிஸ்மஸுக்கு முன் உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிற்றையே அறுத்தது. ஆனால் பின்னேரம் நாலரைக்கு அவர் கேற்றைத் திறக்கும்போது அவள் சப்பாத்தைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்திருப்பாள்.

“போவமோ?”

“கொஞ்சம் பொறுங்கோ. கால் எரியுது.”

அவரும் பக்கத்தில் உட்காருவார். நாய் மட்டும் நின்றுகொண்டிருக்கும்.