பட்டியலின் முதல் பெயர்

குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக் குசினியில், பிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் காந்தத்தின் கீழ் நிற்கிறது. ஒரு பக்கத்தில் முதியோர் இல்லத்தின் மத்தியானச் சாப்பாட்டு விபரம்: பூசணி சூப், மீன், மசித்த உருளைக்கிழங்கு. மறுபக்கத்தில் ஐந்து பெண்பிள்ளைப் பெயர்கள். ஆங்கிலத்தில் சிஸ்டரின் கையெழுத்து, பக்கத்திலேயே தமிழில் என்னுடையது. முதல் பெயர் வெட்டப்பட்டு, பிறகு அதைச் சுற்றி ஒரு வட்டம் போடப்பட்டிருக்கிறது. "அம்மா, இந்தக் குப்பையை வாளிக்குள்ள போடட்டா?" என்று மகன் வரும்போதெல்லாம் கேட்கிறான். போட்டுப் பார்க்கட்டும், தெரியும்!

பிளாக்டவுனில் அந்த இல்லத்தில் நான் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுத்துவிடும் வேலை செய்கிறேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த நர்ஸ் அயர்லாந்துக்காரி. எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். ஒருநாள் வீட்டில், "எங்கட சிஸ்டருக்கு இப்ப ஆறு மாசம்" என்றேன். மன்னார்க் கத்தோலிக்கரான என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டார். "என்ன சொல்லுறீர் ஞானம், கன்னியாஸ்திரிக்கோ?" நான் சிரித்து முடிக்கவே நேரம் எடுத்தது.

ஞானம். அதுதான் என் பெயர். அதை ஆங்கிலத்தில் 'ஜி'யில் தொடங்கி எழுதித் தொலைத்திருக்கிறார்கள். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் நான் 'குனானம்'. சிஸ்டர் மட்டும்தான் வேலையில் சேர்ந்த அன்றே என் சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையைப் பார்த்து, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். சொன்னேன். "ஞானம்" என்று அப்படியே திருப்பிச் சொன்னார். 'ஞா' பிசகவில்லை! அந்தச் சத்தம் தங்கள் பழைய மொழியிலும் உண்டு, தன் சித்தியின் பெயரே 'ஆஞா'தான் என்றார். கையில் துவாய்க் கட்டோடு நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

அவருக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. பிள்ளைக்குத் தன் ஊர்ப் பெயர் வேண்டும், ஆனால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கப் பெயரைத் திருத்திக்கொண்டு திரியக் கூடாது. அவர்களுடைய எழுத்து ஒன்று, சத்தம் இன்னொன்று. அதனால் தேநீர் இடைவேளையில் அந்தக் காகிதத்தை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். என் வாய்க்கு வந்தால் உலகத்துக்கே வரும் என்பது அவருடைய கணக்கு. ஏற்கெனவே வெட்டியிருந்த முதல் பெயரையும் நான் விடவில்லை. எழுத்துக் கூட்டி "நியாம்ஹ்" என்றேன். சிஸ்டர் கதிரையில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். அது 'நீவ்' என்று சொல்லவேண்டிய பெயராம். "அதை விடும், அது சரிவராது" என்று காகிதத்தைத் திருப்பினார். அவருடைய ஆங்கிலம் எனக்கு எப்போதும் இப்படித் தமிழாகத்தான் கேட்கும்.

பட்டியலில் கடைசியாக இருந்த 'நோரா'வில் நான் நின்றேன். குனானம் பட்ட பாடு அந்தப் பிள்ளைக்கு எதற்கு? லேசான பெயராக வையுங்கள், பள்ளிக்கூடத்தில் அழாமல் இருக்கும் என்று ஒரு கிழமையாக நச்சரித்தேன். கடைசியில் அவரும் நோராவுக்கு இறங்கிவிட்டார்.

பிறகொரு பின்னேரம், தேநீர் அறையில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. வயிறு எட்டு மாதம், குனியவும் முடியவில்லை. வலியில் முகம் வெளுத்துவிட்டது. நான் ஓடிப்போய் முழங்காலில் இருந்து, காலை மடியில் தூக்கி வைத்தேன். அவசரத்தில் வாயில் தமிழ்தான் வந்தது. "கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை, நீவி விடுறன். நீவினால் சரியாப் போயிடும்."

அவர் என் தோளைப் பிடித்தார். "இப்ப என்ன சொன்னீர்?"

"நீவி" என்றேன், கையால் காலை மேலிருந்து கீழாகத் தடவிக் காட்டியபடி.

அவர் அழத் தொடங்கினார். வலியாக்கும் என்று நான் பயந்துபோனேன். நீவ் அவருடைய அம்மாவின் பெயராம். அப்பா செல்லமாக 'நீவி' என்றுதான் கூப்பிடுவாராம். அப்பா செத்த பிறகு அப்படிக் கூப்பிட அந்த வீட்டில் யாரும் இல்லை. முதலில் எழுதிய பெயரை முதலில் வெட்டியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பெயரை ஊர் வாயில் சிதைய விட அவருக்கு மனமில்லை. நான் ஒரு கிழமையாகச் சொன்ன புத்தியை நினைக்க வெட்கமாக இருந்தது. "ஆனால் ஒருத்தருக்கும் வாயில வராதே, சிஸ்டர்" என்றேன், மெதுவாக.

"உமக்கு நான் கிடைக்கேல்லையோ? அவளுக்கும் ஒருத்தி கிடைப்பாள். ஒருத்தி போதும், ஞானம்." மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனையை எடுத்து அந்த வட்டத்தைப் போட்டார்.

நீவ் பிறந்தாள். ஒரு வயது முடிய முன்னமே, ஊரில் சிஸ்டரின் அம்மாவுக்குச் சுகமில்லை என்று பிள்ளையோடு அயர்லாந்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் அவ்வளவு பயந்த பெயரை அங்கே கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். எழுத்துக்கூட்டிக் காட்டவே தேவையில்லை. அதற்கு அடுத்த வருடம் என் கணவரும் கண்ணை மூடிவிட்டார்.

வீட்டில் நான் அம்மா. கோயிலில் அன்ரி. வேலையில் புதிய பொறுப்பாளர் என் பெயரைச் சுருக்கி 'நானா' ஆக்கிவிட்டார். இந்த ஊரில் அது அம்மம்மாவைக் கூப்பிடும் சொல். தொண்ணூறு வயதுக் கிழவர்கள் என்னை அம்மம்மா என்கிறார்கள்! நானும் திரும்பிப் பார்க்கிறேன். ஒருத்தி போதும் என்றாரே சிஸ்டர், அந்த ஒருத்தியும் போய்விட்டால் என்ன செய்வதென்று சொல்லாமல் போய்விட்டார். சில நாட்களில் அவர்மேல் கோபம்கூட வருகிறது.

போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் வாழ்த்தாக அவர் அனுப்பிய குரல்செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. பின்னால் ஒரு சின்னப்பிள்ளை சிரிக்கும் சத்தம், பிறகு அவர் குரல். அதற்கு அன்றே பதில் போட்டாகிவிட்டது. என்றாலும் வேலையால் வந்ததும் பிரிட்ஜுக்கு முன்னால் நின்று, அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு முறை அந்தக் குரல்செய்தியை அமத்துகிறேன்.

"ஞானம், இருக்கிறீரா?"

"ஓம்," என்கிறேன், "இஞ்சதான் நிக்கிறன்."