முப்பத்தெட்டு என்று எழுதாத புதன்கிழமை

ஆற்றுக்கு மேற்கே, கோல்டிங் சாலை முடிகிற இடத்தில் எதிரெதிராக இரண்டு முட்டைப் பண்ணைகள் இருந்தன. ஒன்று சென்ஸா தெபோனோ வீட்டாருடையது, மற்றது நென்னு ஷிக்லூனாவுடையது. சென்ஸாவின் புருஷன் சல்வுவும் நென்னுவும் மால்டாவில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். பதினெட்டு வயதில் ஒரே கப்பலில் சிட்னிக்கு வந்து, ஒரே கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்து, அடுத்தடுத்த வருடங்களில் நிலம் வாங்கினார்கள்.

கோழி சல்வுவின் பொறுப்பு, காகிதம் சென்ஸாவின் பொறுப்பு என்று கல்யாணமான வருடமே பிரித்துக்கொண்டாயிற்று. பண்ணையைப் பதிவு செய்தது, வாசலில் பண்ணை எண் பலகையை மாட்டியது, வருடா வருடம் பதிவைப் புதுப்பித்தது எல்லாம் அவள்தான். நாள் தவறாமல் பதிவேடு எழுதுவாள். எத்தனை முட்டை, எவ்வளவு தீவனம், எத்தனை சாவு, வாசலுக்குள் யார் வந்தார்கள், எந்த வண்டி வந்தது, கிளம்பும்போது சக்கரத்துக்கு மருந்து அடித்தார்களா, இல்லையா. ஆய்வுக்கு வரும் கால்நடை மருத்துவர் மெரிடித் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதைப் போட்டோ எடுத்துக்கட்டுமா, மத்த பண்ணைக்காரங்களுக்குக் காட்டணும்" என்று கேட்பாள். சல்வுவுக்கு அதில் பெருமையும் கிண்டலும் உண்டு. "பாவமன்னிப்புக் கேக்கப் போனாக்கூட சென்ஸா தேதி வாரியா எழுதிட்டுத்தான் போவா" என்பான்.

அந்த ஜூன் மாதத்தில் சல்வுவின் ஈரலில் புற்றுநோய் முற்றியிருந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். முன்னறை ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் இரண்டாம் கொட்டகையின் தகரக் கூரை தெரியும். தினமும் மாலை நாலு மணிக்கு நென்னு வருவான். சல்வுவுக்கு முகம் மழித்து, புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் போட்டுவிட்டுப் போவான். வேறு யார் கத்தியை எடுத்தாலும் சல்வு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு புதன்கிழமை விடிந்ததும் சென்ஸா இரண்டாம் கொட்டகைக்குப் போனாள். ஆறாயிரம் கோழிகள் இருந்த இடம். தினம் மூன்று, நான்கு சாவது வழக்கம்தான். அன்று முதல் வரிசையிலேயே ஒன்பது கிடந்தன. கொண்டை கருநீலமாகி, கழுத்து முறுக்கிக்கொண்டு கிடந்தன. மிச்சக் கோழிகள் சத்தமே போடாமல் நின்றன. கடைசி வரிசை வரை நடந்து பொறுக்கியபோது மொத்தம் முப்பத்தெட்டு.

வழக்கத்துக்கு மேல் செத்தால் உடனே கூப்பிட வேண்டிய எண் பதிவேட்டின் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தது. ஒட்டியதும் அவளே. கூப்பிட்டால் அரை நாளில் வாசலில் நாடா கட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போக முடியாது. வியாழக்கிழமை நர்ஸ் வர வேண்டும். வெள்ளிக்கிழமை சல்வுவின் தங்கை லூர்தெஸ் மெல்பர்னிலிருந்து வருகிறாள். ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மூன்று நாள், மூன்றே நாள் போதும் என்று சென்ஸா நினைத்தாள். மின்விசிறி ஏதாவது நின்று போயிருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, சாவு என்ற கட்டத்தில் 5 என்று எழுதினாள்.

சல்வுவிடம் மட்டும் மறைக்கவில்லை. அவனிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. கரண்டியால் சூப்பைப் புகட்டிக்கொண்டே, "ரெண்டாவதுல முப்பத்தெட்டு போயிருச்சு" என்றாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். கரண்டியை விலக்கிவிட்டு, "நென்னு" என்றான்.

"நென்னு நாலு மணிக்கு வந்துருவான்."

"வேண்டாம்."

"ஏன், ஷேவ் பண்ண வேண்டாமா? தாடி முள்ளு மாதிரி நிக்குது."

"நென்னு வேண்டாம்" என்று மறுபடி சொல்லிவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

இந்தக் கோலத்தில் தன்னைக் கூட்டாளி பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறான் போல, என்று அவள் எடுத்துக்கொண்டாள். அல்லது அப்படி எடுத்துக்கொள்வது அவளுக்கு வசதியாக இருந்தது. இரண்டில் எது என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னைக் கேட்டுப் பார்த்தாள்.

நாலு மணிக்கு நென்னு வந்தான். எப்போதும் போலக் குறுக்குவழியில், இரண்டாம் கொட்டகையின் விசிறிகள் தூசியை வெளியே தள்ளுகிற பக்கமாக நடந்து வந்தான். மழிக்கும்போது சல்வு கண்ணை அகல விரித்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, கடன் குடுத்தவன் மாதிரி மொறைக்கிற? கத்தி பட்டுருச்சா?" என்றான் நென்னு.

சென்ஸா சுடுதண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை எழுபத்தொன்று செத்தன. 6 என்று எழுதினாள். வெள்ளிக்கிழமை நூற்றைம்பதுக்கு மேல் போயிற்று. எண்ணுவதை நிறுத்திவிட்டு 4 என்று எழுதினாள். செத்தவற்றைப் பழைய குளிர்பெட்டியில் அடைத்து மேலே சாக்கைப் போட்டாள். வந்து போனவர்கள் பட்டியலை மட்டும் ஒரு பொய்யும் இல்லாமல் எழுதினாள். நர்ஸ், பாதிரியார், லூர்தெஸ், மூன்று நாளும் நென்னு. சனிக்கிழமை மதியம் சல்வு போய்விட்டான். தங்கை ஒரு பக்கம், நென்னு ஒரு பக்கம். கண்ணை மூடிவிட்டது நென்னுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்ஸா குளிர்பெட்டியில் இருந்தவற்றையும் அன்று செத்தவற்றோடு சேர்த்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

வெள்ளை உடுப்பு, முகமூடி என்று ஆட்கள் வந்து இறங்கினார்கள். பறவைக் காய்ச்சல் என்று மறுநாளே உறுதியாயிற்று. அதே திங்கட்கிழமை நென்னுவும் கூப்பிட்டான், அவன் கொட்டகையில் தொண்ணூறு. இரண்டு பண்ணையிலும் கொட்டகைகளை அடைத்து வாயுவை விட்டார்கள். சென்ஸாவிடம் பன்னிரண்டாயிரம், நென்னுவிடம் இருபதாயிரம். ஓர் இரைச்சல் எழுந்து, ஏறி, பிறகு ஒரேயடியாக நின்றுபோனதை இரண்டு வீட்டாரும் அவரவர் சமையலறையிலிருந்து கேட்டார்கள். சல்வுவின் அடக்கத்துக்கு வீட்டாரை மட்டும் விட்டார்கள், நென்னுவால் வர முடியவில்லை. தோள் கொடுக்க வேண்டியவன் தன் வாசல் நாடாவுக்குப் பின்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். வண்டி போகும்போது தொப்பியைக் கழற்றினான்.

நோய் எங்கிருந்து வந்தது என்று விசாரணை நடந்தது. மெரிடித்தான் பதிவேடுகளை வாங்கிப் போனாள். "ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியலையா, மிசஸ் தெபோனோ?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் சென்ஸா.

"உங்க எழுத்தை நான் நம்புறேன்" என்றாள் மெரிடித்.

நென்னுவின் பதிவேட்டில் சனிக்கிழமையே ஒரு வரி இருந்தது: தண்ணீர் குறைவாகக் குடிக்கின்றன, முட்டை குறைவு. இந்தக் காய்ச்சலைச் சுமந்து வருகிற காட்டு வாத்துகள் அவன் நிலத்துக் குட்டையில் இறங்குவது எல்லோருக்கும் தெரியும். தினமும் அவன் சென்ஸா வீட்டுக்கு வந்து போனது அவளுடைய பட்டியலிலேயே இருந்தது. எதிர்ப் பண்ணையில் முதலில் கண்டு, அங்கிருந்து ஆள் வழியாகத் தெபோனோ பண்ணைக்கு வந்திருக்கலாம் என்று அறிக்கை முடிந்தது.

அறிக்கை கிடைத்த அன்று நென்னு வந்தான். வாசலுக்குள் கால் வைக்கவில்லை. சாலையிலேயே நின்றான்.

"சென்ஸா, என் பூட்ஸ்லதான் வந்துருக்கு" என்றான். "அவன் சாகக் கிடந்த வீட்டுக்குள்ள நான் இதைக் கொண்டாந்து போட்டுருக்கேன். மன்னிச்சிரு."

"விடு நென்னு, ஆண்டவன் விட்ட வழி" என்றாள் அவள். சொல்லி முடித்த பிறகும் அந்த வார்த்தைகள் வாயில் கசந்துகொண்டே இருந்தன.

அதன் பிறகு நென்னு ஒருமாதிரி ஆகிவிட்டான். கோவிலுக்கு வந்தால் காரிலேயே செருப்பை மாற்றிக்கொண்டுதான் இறங்குவான். யார் வீட்டு முற்றத்திலும் நடக்க மாட்டான். கிளப்பில் சீட்டாடக் கூப்பிட்டால், "என்னை எதுக்குப்பா, நான் போற எடம் வெளங்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். கொட்டகைகளைக் கழுவி மூடிவிட்டான். மறுபடி பதிவு செய்யவில்லை.

சென்ஸாவின் கொட்டகைகளும் காலியாகத்தான் கிடந்தன. ஆனால் விளக்குகளுக்கு நேரம் வைத்த கருவியை அவள் நிறுத்தவில்லை. கோழியில்லாத கொட்டகையில் தினமும் விடிகாலையில் விளக்கு எரியும். அவளும் எழுந்து போவாள். வரிசை வரிசையாக நடப்பாள். வாய் தானாக எண்ணும், முப்பத்தெட்டில் நிற்கும். தகரம் வெயிலில் விரியும்போது சடசடக்கும். அந்தச் சத்தத்துக்குள்ளே சல்வுவின் குரல் கேட்கும். உயிரோடிருந்தபோது அவ்வளவு தெளிவாக அவன் பேசியதே இல்லை. நென்னு வேண்டாம். ஷேவிங் பற்றி அவன் பேசவில்லை என்று காலிக் கொட்டகையில் நிற்கும்போது ஒவ்வொரு நாளும் புரிந்தது. முப்பது வருடம் கோழி வளர்த்தவன், முப்பத்தெட்டு என்ற எண்ணைக் கேட்டதும் முதலில் எதிர்வீட்டுக் கோழிகளை நினைத்திருக்கிறான்.

பதினான்கு மாதம் இப்படிப் போயிற்று. மண்ணும் தண்ணீரும் மூன்று முறை சோதனையாகி, பண்ணையை மறுபடி பதிவு செய்துகொள்ளலாம் என்று கடிதம் வந்தது. விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்து எழுதினாள். பெயர், பண்ணை எண், கொட்டகை அளவு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. நாலாவது பக்கத்தில் ஒரு கேள்வி: முன்பு நோய் கண்டிருந்தால், வழக்கத்துக்கு மாறான சாவை முதலில் கவனித்த தேதி. கீழே, மேற்கண்டவை உண்மை என்று கையெழுத்து.

அந்தப் பக்கம் ஒன்பது நாள் மேஜையிலேயே கிடந்தது. சாப்பாட்டுத் தட்டை அவள் அடுப்படியிலேயே வைத்துச் சாப்பிட்டாள். பத்தாம் நாள் காலை, புதன்கிழமை தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மையின் ஈரம் காயுமுன் எழுந்து எதிர்ப் பண்ணைக்குப் போனாள்.

நென்னு எலுமிச்சை மரத்தடியில் ஏணி மேல் நின்றிருந்தான். அவள் வாசலுக்குள் வந்ததைப் பார்த்து இறங்கினான்.

"நென்னு, என் கொட்டகையில புதன்கிழமையே செத்துது. முப்பத்தெட்டு. நான் அஞ்சுன்னு எழுதினேன். அன்னைக்கு சாயங்காலம் நீ வந்த. வராதன்னு நான் சொல்லல."

அவனுக்கு உடனே பிடிபடவில்லை. விரல் விட்டுப் புதன், வியாழன் என்று எண்ணினான். சனிக்கிழமையில் விரல் நின்றது.

"அப்ப எனக்கு உன் வீட்லேர்ந்து வந்துருக்கு."

"ஆமா."

"ஒரு வருசத்துக்கு மேல, நான்..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டான். "சல்வுக்குத் தெரியுமா?"

"தெரியும். நென்னு வேண்டாம், நென்னு வேண்டாம்னு ரெண்டு வாட்டி சொன்னான். எனக்குப் புரியல. புரிஞ்சுக்க நான் இஷ்டப்படல."

நென்னு தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுகிறான் என்பது தோளைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அதான் அப்படிப் பாத்துட்டு இருந்தானா" என்றான். பிறகு, "போ சென்ஸா. கோவத்துல சொல்லல. இப்ப என்னால உன் முகத்தைப் பாக்க முடியல" என்றான்.

விண்ணப்பத்தோடு சென்ஸா நேராக அலுவலகத்துக்குப் போய் மெரிடித்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். மெரிடித் நெடுநேரம் தட்டச்சு செய்தாள். கடைசியில், "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்றாள்.

"நாடா கட்டிட்டா லூர்தெஸ் வர முடியாது. நர்ஸ் வர முடியாது. அவர் தனியா போயிருவாருன்னு."

மெரிடித் கண்ணாடியைக் கழற்றினாள். "நர்ஸை விட்டிருப்போம், மிசஸ் தெபோனோ. தங்கச்சியையும் விட்டிருப்போம், உடுப்பு மாத்தி. சாகக் கிடக்கிறார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். கேட்டிருக்கலாமே."

சென்ஸா வீடு திரும்பும்போது அந்தக் கடைசி வார்த்தை கூடவே வந்தது.

பொய்ப் பதிவுக்காக அவளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். தண்டம் விதித்து எச்சரித்து அனுப்பினார்கள். பதிவு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அறிக்கையைத் திருத்தி நென்னுவுக்கு இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினார்கள். கோவிலில் அவன் மறுபக்க வரிசைக்கு மாறி உட்கார்ந்தான். ஆனால் வீட்டிலிருந்து போட்டுவந்த பூட்ஸோடுதான் வந்தான். அடுத்த அக்டோபரில் அவன் வாசலில் கோழிக் கூண்டுகள் ஏற்றிய லாரி வந்து நின்றதை, சென்ஸா முன்னறை ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

அன்று லூர்தெஸ் போனில் கேட்டாள்: "போய் ஒரு வார்த்தை பேசினியா?"

"நான் அந்த வாசலுக்குப் போகலாமா கூடாதா, தெரியல."

"வரக் கூடாதுன்னு சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல. பேசறதே இல்லையே."

இப்போது சென்ஸாவின் பண்ணை மறுபடி பதிவில் இருக்கிறது. ஒன்றாம் கொட்டகையில் மட்டும் கோழிகள். இரண்டாவதை ஏன் நிரப்பவில்லை என்று ஆய்வுக்கு வந்த ஒரு புது அதிகாரி கேட்டார். தனி ஆள், முடியவில்லை என்று சொல்லி வைத்தாள். காலையில் விளக்கு எரிந்ததும் முதலில் அங்கேதான் போகிறாள். வெயில் ஏறித் தகரம் சடசடக்கத் தொடங்கும். எதிர்ப் பண்ணையிலிருந்து காற்றில் கோழிச் சத்தம் வரும். சல்வுவின் குரல் இன்னும் போகவில்லை. அது அடங்கும்வரை நின்றுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பூட்ஸைக் கழுவிவிட்டு, ஒன்றாம் கொட்டகைக்கு நடக்கிறாள்.