வாத்தியார் போட்ட எட்டு

மூன்று வருடத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் நடந்தது இது. அங்கே நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவன் என்ற மிதப்பு எனக்கு எப்போதும் உண்டு.

என் மனைவிக்குச் செம்பட்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. போய்வருவதற்காக ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினோம். இரண்டாவது வாரமே, "திரும்புறப்ப வண்டி திடீர்னு செத்துப் போகுதுங்க" என்றாள். சர்வீஸ் சென்டரில் ஒரு கோளாறும் இல்லை என்று துடைத்துக் கொடுத்தார்கள். நானும் தெருவில் நேராக ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி வெண்ணெ மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது. ஒனக்குத்தான் கை பழகல" என்று தீர்ப்புச் சொன்னேன்.

அதோடு விட்டேனா? லைசென்ஸ் வாங்கிப் பத்து வருடமான அவளைப் பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிப்போய் மறுபடி எட்டு போடச் சொன்னேன். வலது வளைவில் வண்டி நின்றது. காலை ஊன்றினாள். "பாத்தியா, டெஸ்டா இருந்தா இந்நேரம் ஃபெயிலு" என்றேன். ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அதன்பிறகு வாயே திறக்கவில்லை.

ஆனால் அவள் கை சும்மா இருக்கவில்லை. வண்டிக் குறைபாடுகளை மத்திய அரசிடமே புகார் செய்ய ஓர் இணையதளம் இருக்கிறதாம். அதில் எழுதிவிட்டாள். வண்டி என் பெயரில் இருந்ததால் ஒரு மாதம் கழித்து விசாரணை அதிகாரியின் ஃபோன் எனக்கு வந்தது. தமிழ்க்காரர்தான்.

"சார், கோளாறு வண்டியில இல்ல, எங்க வீட்டம்மாட்டதான். புகார மூடிருங்க" என்றேன்.

"இதே மாதிரி வேற ஊர்லருந்தும் எழுதியிருக்காங்களே. அவங்க யாருக்குமே ஓட்டத் தெரியாதா?"

"அம்புட்டுப் பேருக்குந்தான் தெரியல சார். அதுனாலதான் எங்க பள்ளி நல்லா ஓடுது."

அவர் சிரித்துவிட்டு, மூடவேண்டுமென்றால் எழுத்தில் அனுப்பச் சொன்னார். மறுநாளே அனுப்பிவிடுவதாக இருந்தேன்.

மறுநாள் காலை பள்ளியின் ஸ்கூட்டர் பஞ்சர். மனைவிக்கு விடுமுறை என்பதால் அவளுடைய வண்டியை மைதானத்துக்கு எடுத்துப் போயிருந்தேன். எட்டு பழகப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். "எல்லாரும் என் கால மட்டும் பாருங்க. தரையில ஊனுனா ஃபெயிலு. எனக்குப் படவே படாது" என்று ஏறினேன். இடது வளைவு பிரமாதம். வலது பக்கம் ஹேண்டிலை முழுசாக ஒடித்தேன். வண்டி பொசுக்கென்று உயிரை விட்டது. கால் மட்டும் பட்டிருந்தால் தேவலை. முந்தின நாள் பெய்த மழைச் சேற்றில் நான் மொத்தமாகப் பட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மா மட்டும் நிஜமான சந்தேகத்தோடு, "கால ஊனுனா ஃபெயிலுன்னீங்க. விழுந்தா என்ன சார்?" என்று கேட்டார்.

ரோஷத்தில் இன்னும் மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அதே வளைவில் செத்தது. சேற்றுக் கையோடு அதிகாரிக்கு ஃபோன் போட்டேன்.

"சார், மூடிறாதீங்க. வலது பக்கம் முழுசா ஒடிச்சா நிக்கிது."

"ஒங்க வீட்டம்மா எழுதுன புகார்ல மொத வரியே அதுதான் சார். நீங்க படிக்கலயா?"

படித்திருந்தால்தானே!

சில மாதங்களில் கம்பெனியே அந்த மாடல் வண்டிகளை எல்லாம் திரும்ப அழைத்தது. ஹேண்டிலுக்குள் போகும் ஒரு வயர் நீளம் போதாமல், ஒடிக்கும்போது இழுபட்டு மின்சாரத்தைத் துண்டித்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் அதே வண்டியோடு ஒரு பெரிய வரிசை. என் மனைவி நிதானமாக எண்ணிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்லயும் ஓட்டத் தெரியாதவங்க நெறையாத்தான் இருக்காக" என்றாள்.

சேற்றில் விழுந்ததை இப்போது நானே எல்லோருக்கும் நடித்துக் காட்டிச் சிரிக்கிறேன். ஆனால் அந்த இரண்டு மாதமும் செம்பட்டி முக்கில் லாரிகளுக்கு நடுவே அவள் தினமும் வலது பக்கம் திரும்பியிருக்கிறாள். அங்கே ஏதாவது ஆகியிருந்தால், துக்கம் கேட்க வந்தவர்களிடம் 'அவளுக்குச் சரியாக ஓட்டத் தெரியாது' என்று நானேதான் சொல்லியிருப்பேன், வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரும் நம்பியிருக்கும்.