ஆயாசம் என்றால்

தமிழ்ச்செல்வனுக்கு எதையும் வேண்டாம் என்று ஒதுக்கத் தெரியாது. நாமக்கல்லிலிருந்து பொது மருத்துவ மேற்படிப்புக்காக ஹைதராபாத் வந்த சில மாதங்களிலேயே மாரெட்பள்ளி அறையில் அவன் அலமாரி நிரம்பிவிட்டது. சிறுநீரகப் பிரிவில் ஒரு மாதம் போட்டார்கள். ஐந்து புத்தகம் சேர்த்து, ஐந்திலும் முதல் அத்தியாயத்தைப் படித்தான். நரம்பியலில் போட்டார்கள். வீடியோ வகுப்புகளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, பாதியில் தூங்கிப்போனான்.

இப்போது இதயப் பிரிவு. சிறுநீரகம் கெட்டால் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். இதயத்தை முதலில் காதால்தான் கேட்க வேண்டும். நோயுள்ள ஓர் இதயத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தும் தெரியாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவோமோ என்பதுதான் அவன் பயம். அதற்காகவே இந்த முறை ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தான். தடித்த புத்தகமா, மெல்லிய புத்தகமா, வீடியோவா, இதய ஒலிகளைக் கேட்கவைக்கும் செயலியா என்பதிலேயே திங்கட்கிழமைவரை முடிவாகாமல் நின்றான்.

"கைக்கு இவ்ளோ டென்ஷன்?" என்றான் அபிநவ். கைக்கு என்றால் ஹைதராபாத் பேச்சில் எதற்கு. கூடப் படிப்பவன். அவன் தாத்தா ராணுவக் கணக்கு அலுவலக வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மூன்றாம் தலைமுறையில் தமிழ் வீட்டுக்குள் மட்டும் ஓடியது. "ஒண்ண எடு. மிச்சத்த மூடு."

"எந்த ஒண்ணுடா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உன்கூட சுத்தறேன் ரா?"

பஸ்ஸில் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு தமிழ்ச்செல்வன் செயலியைக் கேட்டுப் பார்த்தான். ஈரிதழ் வால்வு சுருங்கினால் வரும் தாழ்ந்த உறுமல் என்று திரையில் எழுதியிருந்தது. பஸ்ஸின் உறுமல்தான் கேட்டது.

புறநோயாளிகள் பிரிவில் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. அவன் மேசைக்கு யாதம்மா என்ற பெண் வந்தாள். மல்லாபூரில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள்.

"மெட்லெக்கிதே ஆயாசமொஸ்ததி, சாரு."

மெட்லு என்றால் படிகள் என்று கற்றிருந்தான். ஆயாசம் கற்க வேண்டியதே இல்லை, அவன் வீட்டுச் சொல். அன்னிய ஊரில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது. படியேறினால் அசதி. கண்ணிமையை இழுத்துப் பார்த்தான், வெளிறியிருந்தது. உட்கார்ந்தபடியே நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் குழலை வைத்து எடுத்தான். அசதி, ரத்தக்குறைவு என்று எழுதி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னான். அவள் கும்பிட்டுப் போனாள்.

தேநீர்க் கடையில் அபிநவோடு நின்றபோது மனம் லேசாக இருந்தது.

"உங்க தெலுங்கு ஒண்ணும் கஷ்டமில்லடா. பாதி நம்ம வார்த்தைதான். ஆயாசம்னா ஆயாசம்."

அபிநவ் குடிப்பதை நிறுத்தினான். "யாரு சொன்னா ஆயாசம்னு?"

"ஒரு அம்மா. படியேறினா வருதாம்."

"நீ என்ன எழுதுன?"

"அசதின்னு."

"அரே, ஆயாசம்னா இங்க மூச்சு வாங்கறது ரா!"

கோப்பையை வைத்தானா, கீழே போட்டானா என்பது தமிழ்ச்செல்வனுக்கு நினைவில்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு ஓடினான். வரிசை வளைந்து சுவரோரம் போயிற்று. காலையிலிருந்து பார்த்த முகங்களில் அவள் முகம் கலந்துபோயிருந்தது. "யாதம்மா!" என்றான். மூன்று பேர் திரும்பினார்கள். "ஆயாசம் எவரிக்கி?" என்றான் அடுத்து, யாருக்கு என்று. பாதி வரிசை கையைத் தூக்கியது.

"நக்கோ ரா, வேணாம், இப்டி கேட்டா ஊரே வரும்" என்றான் பின்னால் ஓடிவந்த அபிநவ்.

கையைத் தூக்காத ஒருத்தி சுவரடியில் குந்தியிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்கின. கழுத்துக்குழி உள்வாங்கி நிமிர்ந்தது. மேசைக்கு எதிரிலும் இதே தோள்கள்தான் இருந்திருக்க வேண்டும். வார்த்தை தெரிந்த பிறகு, உடம்பு முழுக்க அதுவே எழுதியிருந்தது.

உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கச் சொன்னான். அவள் தயங்கினாள்.

"பண்டுகுண்டே ஊபிரி ஆடது, சாரு."

"படுத்தா மூச்சு ஓடலையாம்" என்றான் அபிநவ் மெதுவாக.

தலைப்பக்கத்தை உயர்த்தி, இடது பக்கமாகச் சாயவைத்தார்கள். தமிழ்ச்செல்வன் குழலின் சிறிய கிண்ணத்தைத் திருப்பி, மார்புக்குக் கீழே இதயத்தின் நுனி துடிக்கும் இடத்தில் அழுத்தாமல் வைத்தான். முதலில் ஒன்றுமில்லை. வராந்தாவின் இரைச்சல் மட்டும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னான்.

வந்தது.

துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில், ஒலி என்று சொல்ல முடியாத ஒலி. பாரம் ஏற்றிய லாரி ஒன்று எங்கோ தொலைவில் மேட்டில் ஏறுவதுபோல. காதுக்கு முன்னால் விரல் நுனிக்குத் தெரிந்ததோ என்று தோன்றியது. ரத்தம் குறுகிப்போன வாசலில் முட்டிப் புகுந்துகொண்டிருந்தது. எப்போதோ சிறுமியாக இருந்தபோது தொண்டை வலியோடு வந்துபோன காய்ச்சல் செய்த வேலையாக இருக்கலாம். அவளுக்கு அது நினைவிருக்காது. இதயம் அதை மறக்காமல், அந்த இடுக்கு வழியாகவே அவளைப் பெட்டி ஒட்டவைத்து, பஸ் ஏற்றி, இந்த வரிசைவரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. குழலை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் ஆண்டு சீனியர் ஹம்ஸினி வந்து குழலை வைத்துக் கேட்டாள். கண்ணை மூடியவள் வெகுநேரம் திறக்கவில்லை.

"சேத்துக்கோ. எக்கோவுக்கு இப்பவே அனுப்பு" என்றாள். பிறகு, "இதைக் கண்டுபிடிக்க எதைப் படிச்சே? லிங்க் இருந்தா அனுப்பேன்."

தமிழ்ச்செல்வன் அபிநவைப் பார்த்தான். அபிநவ் கூரையைப் பார்த்தான்.

யாதம்மா எழுந்து உட்கார்ந்து என்னவென்று கேட்டாள். இதயத்துக்குள் ஒரு கதவு சரியாகத் திறக்கவில்லை என்று அபிநவ் தெலுங்கில் சொன்னான்.

"நூனெ எய்யாலா?" என்றாள் அவள். எண்ணெய் போடணுமா?

சிரித்ததில் அவளுக்கே மூச்சு வாங்கியது.

தமிழ்ச்செல்வன் மேசைக்குத் திரும்பினான். அடுத்தவர் திருமுல்கேரியில் ஆட்டோ ஓட்டும் பெரியவர். "குண்டெ தட, சாரு" என்றார். குண்டெ இதயம். தட என்றால் தடதட என்பதாகத்தான் இருக்கும். பேனா காகிதம்வரை போய்விட்டது.

அதைக் கீழே வைத்தான்.

"தட அண்டே?" என்றான். தட என்றால்?

இதுகூடத் தெரியாதவனா டாக்டர் என்பதுபோல் பெரியவர் அவனைப் பார்த்தார். பிறகு மேசைமேல் விரல்களை வைத்துத் தட்டிக் காட்டினார். விரைவாக, ஒழுங்கில்லாமல், ஒன்று விட்டு, இரண்டு சேர்ந்து, மறுபடி நின்று. அவன் அவருடைய மணிக்கட்டைத் தொட்டான். அவர் தட்டியதேதான் உள்ளேயும் ஓடிக்கொண்டிருந்தது.